மெதுவான லைனில் ஒரு பனியன் படம்

ஒரு கணக்கோடு ஆரம்பிக்கலாம். 640க்கு 480 புள்ளி அளவில் ஒரு டீ-சர்ட் போட்டோ. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். பெருக்கினால் 9,21,600 பைட். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது கிடைத்த டயல்-அப் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். அதாவது நொடிக்கு 1,200 பைட். லைன் ஒருமுறைகூட அறுந்து போகாமல் இருந்தால், அந்த ஒரே ஒரு போட்டோ போய்ச் சேர 768 நொடி. கிட்டத்தட்ட 13 நிமிஷம்.

மெதுவான இணைப்பில் படத்தைச் சீக்கிரம் காட்டுவதற்கு இந்த முப்பது வருஷத்தில் கண்டுபிடித்த வித்தைகள் நிறைய. அவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் படித்தால் பெரும்பாலும் கலிஃபோர்னியா கதையாகவே இருக்கும். நான் பிறந்து வளர்ந்தது திருப்பூர். வேலை சாஃப்ட்வேர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இந்த வித்தை எல்லாவற்றிலும் ரெண்டே ரெண்டு முடிவுதான் இருக்கிறது: எதை முதலில் அனுப்புவது, எதை அனுப்பாமலே விடுவது. "கண்ணுக்குத் தெரியாது, விட்டுடலாம்" என்று அவர்கள் எதை விட்டார்களோ, அதுதான் எங்க ஊரின் சரக்கு.

ஊரைப் பற்றி ரெண்டு வரி. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டீ-சர்ட் தேடி வந்ததிலிருந்துதான் திருப்பூரின் நேரடி ஏற்றுமதிக் கதையை எல்லோரும் தொடங்குவார்கள். 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் வந்துவிட்டது. இணையம் வந்த நேரத்தில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரக்கு போய்க்கொண்டிருந்த ஊர் இது. பையரோடு பேச்சுவார்த்தை எல்லாம் டெலக்ஸ், அப்புறம் ஃபேக்ஸ். அளவு சார்ட்டை ஃபேக்ஸில் அனுப்பலாம், கலரை அனுப்ப முடியாது. சாம்பிள் தைத்து கூரியரில் போட்டால் போக நாலைந்து நாள். அங்கே பார்த்துவிட்டு "காலர் ரிப் அகலம் பத்தாது, பிரிண்ட் ரெண்டு சென்டிமீட்டர் மேலே தூக்கு" என்று கமெண்ட் வர இன்னும் ரெண்டு நாள். திருத்தி மறுபடி தைத்து மறுபடி கூரியர். அப்ரூவல் வராமல் கட்டிங் போட முடியாது. ஆனால் எல்.சி.யில் எழுதியிருக்கும் கடைசி ஷிப்மெண்ட் தேதி அங்கேயேதான் நிற்கும். தேதி தாண்டினால் கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போகும். ஏர் ஃப்ரைட் செலவு கம்பெனி தலையில். ஒரு ஆர்டரின் லாபம் முழுக்க அதில் போய்விடும்.

அதனால் ஒரு போட்டோ அரை நிமிஷத்தில் போய்ச் சேருகிறதா, 13 நிமிஷம் ஆகிறதா என்பது இங்கே பொழுதுபோக்கு விஷயமாக இல்லை. அதிலும் வி.எஸ்.என்.எல் சேவை முதலில் வந்தது சென்னை மாதிரியான பெருநகரங்களில். நம்ம ஊரில் முனை இல்லையென்றால் இருக்கிற ஊருக்கு எஸ்.டி.டி போட்டு மோடத்தை இணைக்க வேண்டும். இணைய மணிக்கணக்கு ஒரு பக்கம், எஸ்.டி.டி மீட்டர் இன்னொரு பக்கம். என் மாமா ஒருவர் அப்போது மெர்ச்சண்டைசர். மின்னஞ்சலில் படம் வருகிறது என்றால் ஆபீஸில் யாரும் போனை எடுக்கக்கூடாது என்பது சட்டம் என்பார். அவருக்கு இன்னொன்று தெரியாது. மின்னஞ்சல் எழுத்துகளுக்காக உருவானது என்பதால், இணைப்பாகப் போகும் படத்தை எழுத்தாக மாற்றித்தான் அனுப்பும். அதில் மூன்று பைட் நான்கு பைட் ஆகிவிடும். ஏற்கெனவே மெதுவான லைனில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை.

வலைப்பக்கத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1993 பிப்ரவரியில் மார்க் ஆண்ட்ரீசன் பக்கத்துக்குள்ளேயே படம் வைக்க ஒரு குறியை முன்மொழிந்தார். அதுவரைக்கும் வலை என்பது எழுத்துதான். படம் வந்தவுடனே பிரச்சினையும் வந்தது. முதல் தீர்வு ரொம்ப எளிமையானது: படமே வேண்டாம். நெட்ஸ்கேப்பில் "படங்களைத் தானாக இறக்கு" என்று ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை அணைத்துவிட்டால் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சின்னமும் நாலு வார்த்தையும் மட்டும் வரும். வேண்டியதை மட்டும் கிளிக் பண்ணி இறக்கிக்கொள்ளலாம். அடுத்தது, படத்தின் அகலம் உயரத்தை முன்கூட்டியே எழுதிவைப்பது. இது தெரிந்தால் பிரவுசர் இடம் விட்டுவிட்டு எழுத்தை முதலில் காட்டிவிடும். தெரியாவிட்டால் ஒவ்வொரு படம் இறங்கும்போதும் பக்கம் குதித்துக் குதித்து நகரும். இந்தப் பழக்கத்தை மொபைல் காலத்தில் மறந்துபோய், 2019, 2020 வாக்கில் பிரவுசர்காரர்கள் மறுபடி தூசிதட்டி எடுத்தார்கள் என்பது எங்கள் தொழிலுக்கே உரிய வேடிக்கை.

அதே நெட்ஸ்கேப்பில் இன்னொரு வசதி இருந்தது. ஒரு படத்துக்கு ரெண்டு கோப்பு கொடுக்கலாம். முதலில் மட்டமான, சின்ன, பெரும்பாலும் கறுப்பு-வெள்ளைக் கோப்பு இறங்கும். பிறகு நல்ல படம் அதன் மேலேயே வந்து உட்காரும். லோ-சோர்ஸ் என்று பேர். இது செத்துப் போய்விட்டது என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், திரும்ப வரும்.

கோப்புக்குள்ளேயே வரிசையை மாற்றியது ஜிஃப். கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் வெளியிட்டது. தொலைபேசி மோடத்தில் ஓடிய சேவை என்பதால் அந்தக் கஷ்டம் அவர்களுக்குத் தெரியும். ஒரு வரி, அடுத்த வரி என்று மேலிருந்து கீழாக அனுப்பாமல், முதல் சுற்றில் எட்டு வரிக்கு ஒரு வரி. அடுத்த சுற்றில் அவற்றின் நடுவில் ஒன்று. மூன்றாவது, நான்காவது சுற்றில் மிச்சம். எட்டில் ஒரு பங்கு வந்தவுடனே அது டீ-சர்ட்டா, ஷார்ட்ஸா, குழந்தைகளுக்கான ராம்பரா என்று தெரிந்துவிடும். வேண்டாம் என்றால் ஸ்டாப் பட்டன். ஆனால் ஜிஃப்பில் 256 கலர்தான். அப்போதைய பல மானிட்டரிலும் அவ்வளவுதான் என்பதால், எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரியும் என்று 216 கலர் கொண்ட பட்டியல் ஒன்று வைத்திருந்தார்கள். நேவி ப்ளூவில் மட்டுமே ஏழெட்டு ஷேடு பிரித்துப் பேசுகிற சாயப்பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்.

போட்டோவுக்கு உண்மையான விடை ஜேபெக். அதன் இதயம் இந்தியாவில் படித்த ரெண்டு பேரிடமிருந்து வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நசீர் அகமது, பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரியில் படித்தவர். கே. ஆர். ராவ், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். ரெண்டு பேரும் அமெரிக்கா போய் 1966இல் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்கள். அகமது கான்சாஸில் பேராசிரியர் ஆனார், ராவ் டெக்சஸில். 1972இல் அகமது, கொசைன் அலைகளை வைத்துப் படத்தைச் சுருக்கலாம் என்று ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதினார். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று ஒரு மதிப்பீட்டாளர் சொன்னதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். பணம் வரவில்லை. அடுத்த கோடையில் நிதி இல்லாமலேயே, தன் மாணவர் நடராஜனோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்து முடித்தார். 1974 ஜனவரியில் அகமது, நடராஜன், ராவ் மூவர் பெயரில் நான்கு பக்கக் கட்டுரை வந்தது. பதினெட்டு வருஷம் கழித்து, 1992இல் வந்த ஜேபெக் தரநிலை அதன்மேல்தான் நிற்கிறது. ராவ் 2021இல் காலமானார். சென்னையில் அது பெரிய செய்தியாக வந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கணக்கு என்ன செய்கிறது? படத்தை எட்டுக்கு எட்டு கட்டங்களாக வெட்டுகிறது. ஒரு கட்டத்தில் 64 புள்ளி. அவற்றை 64 வேறு எண்களாக மாற்றுகிறது. முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி. அடுத்த சில எண்கள், கட்டத்துக்குள் வெளிச்சம் மெதுவாக எப்படி மாறுகிறது என்பது. கடைசி எண்கள், அடுத்தடுத்த புள்ளிகளுக்குள் வேகமாக நடக்கும் மாற்றம். சாதாரணப் போட்டோவில் கடைசி எண்கள் எல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பூஜ்யமாகவே ஆக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. இப்படித்தான் 900 கிலோபைட் போட்டோ 60 கிலோபைட் ஆகிறது, 13 நிமிஷம் 50 நொடி ஆகிறது.

இங்கேதான் துணி குறுக்கே வருகிறது. முகம், வானம், சுவர், கார் எல்லாவற்றிலும் வேகமான மாற்றம் குறைவு. பின்னல் துணியில் அது மட்டும்தான் இருக்கிறது. சிங்கிள் ஜெர்சியின் கண்ணிகள், ரிப்பின் மேடுபள்ளம், பிக்கேயின் சின்னச் சின்னக் குழி, மெலாஞ்ச் நூலில் சாம்பலும் வெள்ளையும் கலந்து தெறிக்கிற புள்ளி. எல்லாம் கடைசி எண்கள். கோப்பின் அளவைக் குறைக்கக் குறைக்க முதலில் காணாமல் போவது துணி. பனியன் இருக்கும், துணி இருக்காது. பிளாஸ்டிக்கில் செய்த மாதிரி இருக்கும். படச்சுருக்க ஆய்வாளர்கள் பல வருஷமாகப் பயன்படுத்தும் சோதனைப் படங்களில் பார்பரா என்று ஒன்று உண்டு. ஒரு பெண், கோடு போட்ட துணி உடுத்தி, பக்கத்தில் கட்டம் போட்ட மேஜைவிரிப்போடு. புது முறை எதுவானாலும் அந்தப் படத்தில்தான் திணறும். காரணம் அந்தத் துணிதான்.

கலரில் நடப்பது இன்னும் மோசம். மனிதக் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வித்தியாசத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. கலர் டிவி காலத்திலிருந்தே பொறியாளர்கள் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். ஜேபெக்கும் வழக்கமாக நான்கு புள்ளிக்கு நான்கு வெளிச்ச அளவு, ஆனால் நான்குக்கும் சேர்த்து ஒரே நிற அளவு என்று வைத்துக்கொள்ளும். 12 எண் இருந்த இடத்தில் 6. கொசைன் கணக்கு ஆரம்பிக்கும் முன்னாலேயே பாதி மிச்சம். அருமையான யோசனை, சந்தேகமே இல்லை. ஆனால் நேவி ப்ளூ டீ-சர்ட்டில் அடர் சிவப்பு எம்பிராய்டரியை யோசித்துப் பாருங்கள். ரெண்டுக்கும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்று, நிறம்தான் வேறு. வித்தியாசம் முழுவதும் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கத்தரி விழுகிறது. எம்பிராய்டரி விளிம்பு சாயம் இறங்கிய மாதிரி கசிந்து தெரியும். கலர் ஃபாஸ்ட்னஸ் பற்றிப் பயந்துகொண்டே இருக்கிற பையருக்கு அப்படி ஒரு படம் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வரிசை விஷயத்தில் ஜேபெக்கிடம் இன்னொரு புத்திசாலித்தனம் உண்டு. சாதாரண ஜேபெக் மேலிருந்து கீழாக இறங்கும். டீ-சர்ட் என்றால் முதலில் காலர், அப்புறம் தோள், பிரிண்ட் வருவதற்குள் பொறுமை போய்விடும். புரோக்ரெசிவ் முறையில் எல்லாக் கட்டங்களின் சராசரியும் முதலில் வந்துவிடும். மங்கலாக முழுப் படம். பிறகு மெதுவான மாற்றங்கள், கடைசியில் நுணுக்கம். 1992 தரநிலையிலேயே இது இருந்தது. பிரவுசர்களும் இலவச மென்பொருள்களும் இதை எடுத்துக்கொண்டது 1995, 96இல். ஜிஃப்பில் வரிசை மாற்றினால் கோப்பு கொஞ்சம் பெருக்கும். இதில் பெரும்பாலும் கொஞ்சம் சிறுக்கவே செய்யும். இலவசமாகக் கிடைத்த இதைக்கூட நம்ம ஊரில் அந்தக் காலத்தில் கேட்லாக் செய்த பலர் பயன்படுத்தவில்லை. சேமிக்கும்போது ஒரு டிக் போட வேண்டும், அவ்வளவுதான்.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கு இணையச் சேவை திறந்துவிடப்பட்டது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே முதலில் வந்தது. வேகம் கொஞ்சம் ஏறியது, விலை இறங்கியது. இந்தக் காலத்தின் எனக்குப் பிடித்த உதாரணம் திருப்பூரில் இல்லை, மதுரைப் பக்கம் மேலூரில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பு, பேசிக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு 35 கிலோபிட் தரும். 2001 வாக்கில் அதை வைத்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். மையம் நடத்துபவர் கிராமத்தாரின் கண்ணைப் போட்டோ எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். நேரில் வர வேண்டுமா, வேண்டாமா என்று மருத்துவமனை பதில் சொல்லும். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் அந்தப் படத்தின் தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

அடுத்த திருப்பம் செல்போன். 2006 ஜனவரியில் ஓப்பரா மினி உலகம் முழுக்க வெளியானது. போன் நேராக வலைத்தளத்திடம் பேசாது. ஓப்பராவின் சர்வர் பக்கத்தை வாங்கி, படத்தைச் சின்னதாக்கி, மொத்தத்தையும் பிழிந்து அனுப்பும். 90 சதவீதம் வரை டேட்டா மிச்சம் என்று விளம்பரப்படுத்தினார்கள். செட்டிங்கில் படத்தின் தரத்தைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வைக்கலாம், படமே வேண்டாம் என்றும் வைக்கலாம். நெட்ஸ்கேப்பின் பழைய ஆப்ஷன் நோக்கியாவில் மறுபிறவி எடுத்தது. ஆனால் எதை விடுவது என்று முடிவு செய்வது இப்போது அனுப்புகிறவரும் இல்லை, வாங்குகிறவரும் இல்லை. நடுவில் இருக்கும் ஒரு சர்வர்.

2015 இதில் முக்கியமான வருஷம். ஃபேஸ்புக் பொறியாளர்கள் முகப்புப் படத்தின் மங்கலான முன்னோட்டத்தை 200 பைட்டில் அடைத்தார்கள். எல்லா ஜேபெக்கிலும் ஒரே மாதிரி இருக்கும் தலைப்பகுதியைக் கோப்பிலிருந்து கழற்றி, ஆப்பிலேயே வைத்துவிட்டார்கள். 200 பைட் என்றால் 1995இன் வி.எஸ்.என்.எல் லைனில்கூட ஆறில் ஒரு நொடி. லோ-சோர்ஸ் திரும்ப வரும் என்றேனே, இதுதான். அதே அக்டோபரில், 2ஜியில் இருப்பவர்களின் கஷ்டம் புரிய வேண்டும் என்று செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் தங்கள் ஊழியர்கள் 2ஜி வேகத்தில் ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். நவம்பரில் ஃப்ளிப்கார்ட், மூடிவைத்திருந்த மொபைல் தளத்தை ஃப்ளிப்கார்ட் லைட் என்று திறந்தது. அதில் வந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் 2ஜியில் இருந்தவர்கள். அந்தத் தளத்தில் விற்ற பனியனும் டிராக் பேண்டும் எந்த ஊரில் தைத்தவையாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தைத்தவர்கள் கையிலும் அதே 2ஜிதான்.

அப்புறம் வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். கண்ணில் படும் நேரத்தில் மட்டும் படத்தை இறக்குவது, 2019இல் குரோமுக்குள்ளேயே வந்தது. திரைக்கு ஏற்ற அளவுக் கோப்பை பிரவுசரே தேர்ந்தெடுப்பது. கூகுளின் வெப்-பி, 2010இல் அறிவித்தது, ஆப்பிளின் சஃபாரி ஏற்றுக்கொண்டது 2020இல். வெப்-பி ஜேபெக்கை விடச் சிறியது, ஆனால் புரோக்ரெசிவ் கிடையாது. "முதலில் மங்கலாக முழுசு" என்ற வரிசை வித்தையைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாதாரணமாக அது செய்யும் நிறச் சுருக்கமும் அதே நான்குக்கு ஒன்றுதான். லைன் வேகமாகிவிட்டது, யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். இன்றைக்கு நம்ம ஊர்க் கம்பெனிகள் சிலவற்றின் தளங்களைத் திறந்தால் முகப்பில் மட்டும் ஐந்து பெரிய படம் ஸ்லைடர் ஓடுகிறது. 4ஜி சிக்னல் ஒரு கட்டைக்கு இறங்கியவுடன் பழைய 13 நிமிஷம் ஞாபகம் வருகிறது.

சரி, அப்ரூவல் என்ன ஆனது? இப்போது மெர்ச்சண்டைசர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான். சாம்பிளைத் தொங்கவிட்டு போட்டோ, உடனே அனுப்பு. ஆனால் வாட்ஸ்அப் அதை மறுபடி சுருக்கும். அங்கிருந்து இன்னொருவருக்குப் போட்டோவாகச் சேமித்து அனுப்பினால் இன்னொரு சுருக்கு. எங்க ஊர் ஆபீஸ்களில் ஒரு நாளைக்கு எத்தனை முறை "போட்டோவா வேண்டாங்க, டாகுமெண்ட்டா போடுங்க" என்ற வாக்கியம் கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஜேபெக்கின் நிறக் கணக்கெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. மெலாஞ்ச் துணி அழிந்து போகிறது என்பது தெரியும்.

கலருக்கு வேறு வழி பிடித்துவிட்டார்கள், அதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சாயப்பட்டறை லேபில் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற கருவி இருக்கும். லேப் டிப் துண்டை அதன் வாயில் வைத்தால், 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை, பத்துப் பத்தாக, ஒவ்வொரு அலைநீளத்திலும் துணி எத்தனை சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளக்கும். மொத்தம் 31 எண். அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகப் பையருக்கு அனுப்பலாம். ஒரு கிலோபைட்கூட வராது. 9.6 கிலோபிட் லைனாக இருந்தாலும் ஒரு நொடிக்குள் போய்விடும். போட்டோவில் ஒரு புள்ளிக்கு மூன்றே எண்தான் என்பதால் பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகும் ரெண்டு துணி கடை விளக்கில் வேறாகத் தெரியுமா என்று அதில் கண்டுபிடிக்கவே முடியாது. 31 எண் இருந்தால் எந்த விளக்கின் கீழும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். படத்தை எத்தனை பெரிதாக அனுப்பினாலும் கிடைக்காத தகவல், படமே இல்லாத ஒரு சின்னக் கோப்பில் போகிறது.

துணியின் மென்மை, கையில் எடுத்தால் தெரியும் கனம், கழுவினால் எத்தனை சுருங்கும் என்பதற்கு இப்படி ஒரு எண் வரிசை முழுசாக இன்னும் அமையவில்லை. ஜி.எஸ்.எம் எழுதலாம், சுருக்கச் சதவீதம் எழுதலாம், "ஹேண்ட் ஃபீல்" என்ற கட்டத்தில் மட்டும் எழுத ஒன்றும் இருக்காது. அதற்குப் பக்கத்தில் ஒரு துண்டுத் துணியை ஸ்டேப்ளர் அடித்து, இன்றும் கூரியரில்தான் அனுப்புகிறார்கள்.